இறங்கிய காமாலை

ஜனவரி 9, திங்கள்

ஆய்வுக் குழு கூடிக் கலைந்தது. என் வாத்துகளுக்கு மார்ச் 31 வரை கெடு.

புது டைரியை இப்படியா தொடங்குவது என்று வீட்டில் இவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். போன வருட டைரியை "இன்று முதல் நடைப்பயிற்சி" என்று தொடங்கினேன். அது பொங்கலுக்கு முன்பே படுத்துவிட்டது. இந்தக் கெடுவாவது உண்மை.

குழுவில் புதிதாக மதுரைக்காரர் ஒருவர் வந்திருந்தார். கணக்கு வழக்கு ஆள். கல்லீரலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவருக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். ஹெபடைடிஸ் பி என்று ஒரு கிருமி. மனிதக் கல்லீரலில் குடியேறும். பலருக்குக் காமாலை வந்து தானாகவே சரியாகிவிடும், ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வரும், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் சிலருக்கு அது போவதில்லை. ரத்தத்தில் தலைகாட்டாமல் கல்லீரலுக்குள் ஒரு மூலையில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். வேறு ஏதோ நோய்க்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடும். அப்போது ஆளே போனாலும் போகலாம்.

"அப்ப மனுஷங்களையே பாத்துட வேண்டியதுதானே?" என்றார் மதுரைக்காரர். நெகட்டிவ் என்று சிரித்துக்கொண்டு போகிறவரின் வயிற்றில் மாதா மாதம் ஊசி விட்டுக் கல்லீரலைக் கிள்ள யார் சம்மதிப்பார்கள் என்று கேட்டேன். எலிக்கு இந்த நோய் தானாக வராது. வாத்துக்கு, இந்தக் கிருமியின் பங்காளி ஒன்று இயற்கையிலேயே வருகிறது. அதனால்தான் வாத்து.

வளர்ந்த வாத்துகளுக்குக் கிருமியைச் செலுத்தினோம். சில வாரங்களில் விரட்டிவிட்டன. இப்போது ரத்தம் சுத்தம். கல்லீரலில் மிச்சம் இருக்கிறது என்கிறேன் நான். எட்டு மாதமாகத் துணுக்குத் துணுக்காக எடுத்துப் பார்க்கிறோம், ஒன்றும் அகப்படவில்லை.

எலிப் பிரிவின் தலைவர் கோதண்டபாணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் யாருக்கோ ஆபத்து. "மங்கையர்க்கரசி மேடம், இல்லாதத எத்தன நாள் தேடுவீங்க? எல்லா வாத்தையும் முடிச்சிட்டு, கல்லீரல முழுசா அரைச்சுப் பாத்துடலாம். இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. எனக்கும் அந்த வாத்துக் கொட்டகை வேணும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் முன்னால் அவ்வளவு பேச்சு.

"செத்த வாத்துல இருந்தா என்ன, இல்லன்னா என்ன சார்? உயிரோட இருக்கிறதுல அது எழுந்திரிக்குமான்னுதான் கேள்வி" என்றேன்.

இது அறிவியல் காரணம். நான் மறுத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 11, புதன்

காலையில் வலது கை விரல்கள் மடங்கவில்லை. வெந்நீரில் வைத்திருந்தேன். பல் துலக்கவே பாடாகிவிட்டது.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

விடுமுறைதான். சும்மா கொட்டகைப் பக்கம் போனேன். பராமரிக்கும் முனிரத்தினம் எல்லா வாத்துக்கும் தலையில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்.

"இன்னா முனிரத்தினம் இது?"

"மாட்டுக்கு மட்டுந்தான் பொங்கலா மேடம்? இதுங்களும் நமக்கு ஒழைக்குதுங்க இல்ல?"

கிருமி ஆராய்ச்சி நடக்கிற கொட்டகையில் இதெல்லாம் கூடாது என்று பத்து நிமிடம் கத்தினேன். மஞ்சள் பூசி வரிசையாக நின்றவற்றைப் பார்த்தால் மொத்தமும் காமாலை வார்டு போலிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

ஆய்வு விலங்குக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. காலில் வளையம், வளையத்தில் எண், அவ்வளவுதான். பதினேழாம் எண் நான் உள்ளே போனாலே ஓடி வந்து செருப்பு வாரைக் கொத்தும். அதற்காக அதை நான் தனியாகக் கவனிப்பதில்லை. இன்று அதன் குங்குமம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது, துடைத்துவிட்டேன். எந்த வாத்தாக இருந்தாலும் துடைத்திருப்பேன்.

ஜனவரி 24, செவ்வாய்

மூட்டு டாக்டரிடம் போனேன். மாத்திரைகள் போதவில்லையாம். முடக்குவாதம் மணிக்கட்டு வரை வந்துவிட்டது, இப்படியே விட்டால் விரல்கள் கோணிவிடும் என்றார். ஊசி மருந்து இருக்கிறது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும், நன்றாகக் கேட்கும்.

"முன்னாடி காமாலை ஏதாவது வந்திருக்காம்மா?"

"இருபத்திரண்டு வயசுல. இறங்கிடுச்சு."

"மேலோட்டமா பாக்கிற டெஸ்ட் நெகட்டிவ்தான் இருக்கு. இருந்தாலும் ஊசிக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பாத்துடலாம்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுக்கிற இடம் அதே மாடியில், எதிர் அறை. கூட்டமாக இருந்தது. நான்கு பேர்.

நேரம் கிடைக்கும்போது கொடுத்துக்கொள்ளலாம். ஊசியும் மார்ச் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

ஜனவரி 31, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். வாத்துக் கிறுக்கல். வலது கை வேலைநிறுத்தம்.

பிப்ரவரி 1, புதன்

கல்லீரல் துணுக்கு எடுக்க உரிமமும் பழக்கமும் உள்ளவர்கள் இங்கே இரண்டே பேர். இன்னொருவர் பிரசவ விடுப்பில். மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

இடது கை இப்போது ஒரு பக்கம் எழுதும் அளவுக்கு வந்திருக்கிறது. தமிழ் எழுத்து இத்தனை சுழி சுழிக்கும் என்று இதுவரை கவனித்ததில்லை.

காலையில் முழுக் கோழி ஒன்று, குடல் எடுக்காமல், கடைக்காரரிடம் சண்டை போட்டு வாங்கி வந்தேன். சமையல் மேடையில் படுக்கவைத்து, இடது கையில் ஊசியைப் பிடித்து, கல்லீரலைத் தேடித் தேடிக் குத்திப் பழகினேன். ஆறாவது தடவைக்குப் பிறகு தடுமாற்றம் இல்லை. இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரீட்சை முடிஞ்சுதுன்னா சொல்லு, மசாலா அரைக்கலாம்."

கோழிக் குழம்பு நன்றாகவே இருந்தது. கல்லீரல்தான் சல்லடையாகிவிட்டது. சாப்பிடும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தச் சீட்டு என்னாச்சு மங்கை?"

"எந்தச் சீட்டு?"

"சரி, விடு."

மின்வாரியத்தில் இருபது வருடம் இருந்தால் எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது. பிறகு சம்பந்தமே இல்லாமல் எங்கள் கல்யாணக் கதையை எடுத்தார். எனக்கு முதலில் நிச்சயம் ஆன இடம், நான் கல்லூரியில் படுத்த காமாலை என்ன காமாலை என்று யார் மூலமோ தெரிந்து, தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பியது. அடுத்து இவர் பெண் பார்க்க வந்தபோது நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். நெகட்டிவ் ரிப்போர்ட்டை அப்பா பிளாஸ்டிக் உறை போட்டு நீட்டினார். இவர் அதைப் பார்க்கவே இல்லை. நேரே போய்த் தடுப்பூசியை மூன்று தவணையாகப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பாங்க. நான் ஊசி எடுத்தேன்" என்று இன்றும் அதே வசனம். சிரித்தேன். நான் இல்லாத நேரத்தில் சொல்ல வேறு நகைச்சுவை தேடிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். நான் இல்லாத நேரத்தில் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் முகம் சுண்டிவிட்டது.

பிப்ரவரி 14, செவ்வாய்

இன்று பீச்சாங்கை அறுவை. என் வலதுகைப் பழக்கத்துக்கு ஏற்றபடி இருந்த மேசை முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. வாத்து எப்போதும் போல மல்லாந்தே படுத்தது. நான் எதிர்ப் பக்கத்தில் நின்றேன். மயக்க மருந்து, ஒரு சின்னத் துளை, கடுகளவு துணுக்கு, ஒரு தையல். ஆறு வாத்துகள். எல்லாம் சாயங்காலத்துக்குள் எழுந்து நடந்தன. பதினேழு எழுந்ததும் என் செருப்பைத்தான் தேடியது.

துணுக்குகளைப் பெனாசிரிடம் கொடுத்தேன். பெனாசிர் பேகம், மேல்விஷாரத்துப் பெண், கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கிற இயந்திரம் அவள் பொறுப்பு. கிருமி இருந்தால் திரையில் கோடு மேலே ஏறும், இல்லையென்றால் தரையோடு வெறும் கோடாகப் போகும். அவள் கை சுத்தத்துக்கு இந்த நிலையத்தில் இணை கிடையாது. பேச்சு மட்டும் கொஞ்சம் சோகம். "எட்டு மாசமா வெறும் கோட்டையே பாத்துட்டிருக்கேன் மேடம். கனவுலயும் கோடுதான் வருது" என்றாள்.

பிப்ரவரி 17, வெள்ளி

காலையில் பெனாசிர் கொட்டகைக்கே வந்துவிட்டாள். அவள் இங்கே வருவதில்லை, வாத்து வாடை ஆகாது.

"மேடம், தப்பு நடந்துபோச்சு. எங்கயோ கலப்படம் ஆயிருக்கு. மன்னிச்சுடுங்க."

"ஏன்?"

"ஆறுல நாலு பாசிட்டிவ்."

அவள் கண்ணில் தண்ணீர். எட்டு மாதம் இதற்காகத்தான் காத்திருந்தோம், வந்ததும் இருவருக்கும் நம்பிக்கை இல்லை. எல்லா மருந்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கச் சொன்னேன். வேறு அறை, வேறு ஊசிமுனை, எல்லாம் புதுசு. சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்படக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 23, வியாழன்

மறுபடியும் அதே நான்கு. பதினேழு உட்பட.

பிப்ரவரி 24, வெள்ளி

இன்றைய தேதியை மறக்க மாட்டேன்.

மிச்சம் இருந்த வாத்துகளுக்குத் துணுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் கழிவு வாளியைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் அலைந்தார்.

"மேடம், நீங்க எட்டு மாசமா அந்தாண்ட நின்னீங்க, வாளிய இந்தாண்ட வச்சேன். இப்ப எடம் மாறி நின்னா நான் எங்கதான் வைக்கறது?"

வாளியை எங்கேயாவது வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நான் இடம் மாறி நிற்கிறேன். வாத்தின் இடது பக்கம் என் முன்னால் இருக்கிறது. வாத்தின் கல்லீரல் இரண்டு மடல். வலது மடல் பெரியது, வலது கைக்காரருக்கு வாகாக வரும். எட்டு மாதமும் அதில்தான் குத்தியிருக்கிறேன். இந்த இரண்டு வாரமும் ஊசி போனது இடது மடலுக்கு.

கிருமி கல்லீரல் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. திட்டுத் திட்டாக, ஒரு பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. நான் ஒரு வீட்டின் முன்னறையிலேயே எட்டு மாதம் தேடிவிட்டு வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முனிரத்தினத்தின் வாளியை நானே வாங்கிச் சரியான இடத்தில் வைத்தேன். அவர் பயந்துவிட்டார்.

பிறகு ஒவ்வொரு வாத்திலும் இரண்டு மடலிலிருந்தும் எடுத்தேன். எது எந்தப் பக்கம் என்று பெனாசிருக்குச் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாமல் இருப்பது ஊசி குத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 1, புதன்

இடது, இடது, இடது, இடது. வலதில் ஒன்றுகூட இல்லை. பெனாசிர் நான் மூடி வைத்திருந்த பக்கக் குறிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். வாத்து வாடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "அப்ப எல்லாப் புகழும் பீச்சாங்கைக்கா?" என்றார். கடைக்குப் போய்ப் பால்கோவா வாங்கி வந்தார். இடது கையாலேயே வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 2, வியாழன்

கோதண்டபாணி முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"கிருமியோட சுவடு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது உயிரோட இருக்கா, செத்த மிச்சமான்னு எப்படிச் சொல்வீங்க? யாரோ குடியிருந்துட்டுப் போன வீட்டுல பழைய பாத்திரம் கிடக்கிற மாதிரியும் இருக்கலாமே."

எரிச்சலாக இருந்தது. கேள்வி சரியான கேள்வி என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பதில் ஒன்றுதான். பிறந்து ஒரு நாள் ஆன குஞ்சுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கத் தெரியாது. பதினேழின் இடது மடல் துணுக்கைக் கரைத்துக் குஞ்சுகளுக்குச் செலுத்த வேண்டும். உயிருள்ள கிருமி என்றால் மூன்று வாரத்தில் குஞ்சின் ரத்தத்தில் கொட்டிக் கிடக்கும். செத்தது என்றால் ஒன்றும் வராது.

மார்ச் 3, வெள்ளி

குஞ்சுகள் வந்துவிட்டன. ஒரு பெட்டிக்குப் பதினேழின் இடது மடல் கரைசல். இன்னொரு பெட்டிக்கு நோயே தொடாத வாத்தின் கரைசல். இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம்.

மார்ச் 12, ஞாயிறு

இட்லி மாவு புளித்துவிட்டது. குஞ்சுகள் நலம். கை வீக்கம் முழங்கை வரை.

மார்ச் 19, ஞாயிறு

கைப்பையில் சில்லறை தேடியபோது அந்தச் சீட்டு கையில் வந்தது. மடித்து உள்ளே வைத்தேன்.

எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். சீட்டில் உள்ள பரிசோதனை எதைத் தேடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினேழிடம் நான் கேட்கிற அதே கேள்வியைத்தான் கேட்கிறது. பதினேழுக்கு ஒன்றும் ஆகாது, அதன் தாம்பூலத்தை யாரும் திருப்பி அனுப்பவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 24, வெள்ளி

பதினேழின் கரைசல் பெற்ற குஞ்சுகள் எல்லாவற்றின் ரத்தத்திலும் கிருமி. மற்றப் பெட்டியில் ஒன்றிலும் இல்லை.

உயிரோடுதான் இருந்தது. ரத்தம் சுத்தம், வாத்து திடகாத்திரம், தினமும் என் செருப்பைக் கொத்துகிறது, உள்ளே அது உயிரோடு இருந்தது. நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். கொட்டகை வாசலில் நின்று முனிரத்தினத்திடம் சத்தமாகச் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்திருக்கும். "அப்ப வாத்துங்கள அறுக்க மாட்டாங்க இல்ல?" என்றார். மாட்டார்கள் என்றேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மார்ச் 31, வெள்ளி

குழு. நான் பேசி முடித்தேன். முதல் கேள்வி மதுரைக்காரருடையது.

"இடது பக்கம் பாக்கணும்னு உங்களுக்கு எப்படிம்மா தோணுச்சு?"

பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "தோணல சார். வலது கை மடங்கல, பீச்சாங்கையால எடுத்தேன்" என்றேன். அறை முழுவதும் சிரித்தது. கோதண்டபாணியும் சிரித்தார். திட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுத்தார்கள். கொட்டகை எங்களுக்கே. மதுரைக்காரர் வாத்துகளைப் பார்க்க வேண்டும் என்று தானே கேட்டு வந்து பார்த்தார். பதினேழு அவர் செருப்பைக் கண்டுகொள்ளவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

கிளம்பும்போது கோதண்டபாணி வராந்தாவில் நின்றார். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார்.

"மேடம், தனியா ஒண்ணு கேக்கணும். எனக்குக் காலேஜ் முடிச்ச வருஷம் காமாலை வந்துச்சு. பி-ன்னாங்க. அப்புறம் இறங்கிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. நெகட்டிவ்தான். இப்ப உங்க வாத்தப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

எட்டு மாதம் என்னை உலுக்கிய மனிதர், கண்ணாடியைத் துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"டெஸ்ட் குடுங்க சார். இருந்தா என்ன? இருக்குன்னு தெரிஞ்சா ஒரு மாத்திரைல அடக்கி வைக்கலாம். தெரியாம இருக்கிறதுதான் ஆபத்து. இதுக்குப் போய் பயந்துக்கிட்டு" என்றேன். டாக்டர் குரலில், கணீர் என்று.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இதுக்குப் போய் பயந்துக்கிட்டு, என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 3, திங்கள்

கொடுத்துவிட்டேன். இவர் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூட வந்தார். ரத்தம் எடுத்த பெண், "பழைய ரிப்போர்ட் நெகட்டிவ்தானே மேடம், எதுக்கு இவ்ளோ டெஸ்ட்?" என்றாள். "வலது மடல்லதான் நெகட்டிவ்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

ஏப்ரல் 10, திங்கள்

இருக்கிறது.

பழைய தொற்றின் அடையாளம் தெளிவாக. கிருமியின் மரபணு, மிக மிகக் கொஞ்சம். நானும் ஒரு பதினேழு.

அழுவேன் என்று நினைத்திருந்தேன். இவரும் கைக்குட்டையோடு தயாராக இருந்தார். அழுகை வரவில்லை. எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துபோன ஆளிடம் என்ன பயம்? சீட்டு வாங்கிய அன்றே ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் ஒரு நிமிடம் யோசித்தேன். நல்ல வேளை, போடவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார். தினம் ஒன்று, முதலில் அதைத் தொடங்கிக் கிருமியைக் கட்டிப் போட்டுவிட்டு, பிறகு ஊசி. "நீங்க முன்னாடியே டெஸ்ட் குடுத்திருந்தா கை இவ்ளோ வீங்கியிருக்காதே" என்றார். முன்னாடியே கொடுத்திருந்தால் வலது கையாலேயே குத்திக்கொண்டிருந்திருப்பேன் டாக்டர், வாத்துகள் குழம்பாகியிருக்கும் என்றேன். அவரிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. வெளியே காத்திருந்த நோயாளிகள் என்னைச் சபித்திருப்பார்கள்.

ஏப்ரல் 12, புதன்

திருவண்ணாமலைக்கு, அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அன்றைக்கு எனக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, காமாலையைத் தானே இறக்கியதாக இன்றுவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பவள். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப உள்ளயே இருந்திருக்கா?"

"ஆமாம்மா. இத்தன வருஷமா."

"நான் என்னடி சொன்னேன்? இறங்கிடுச்சுன்னுதானே சொன்னேன். போயிடுச்சுன்னு யாரு சொன்னா?"

எட்டு மாதம், ஒரு குழு, ஒரு கொட்டகை வாத்து. அம்மா ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் தன் பக்கம் எழுதிக்கொண்டுவிட்டாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் அழுதோம்.

ஏப்ரல் 20, வியாழன்

அடுத்த கட்ட ஆய்வு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எல்லா வாத்துக்கும். பாதிக்கு முன்கூட்டியே கிருமியைக் கட்டும் மாத்திரை, பாதிக்கு இல்லை. எது எந்தப் பாதி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பெனாசிர்தான் எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், தூசி விழுந்திருந்தது.

பதினேழுக்கு மாத்திரை.

மே 8, திங்கள்

முதல் ஊசி போட்டுக்கொண்டேன். இவர் வெளியே உட்கார்ந்து மூன்று செய்தித்தாள் படித்தார், மூன்றும் ஒரே தாள்.

ஜூன் 6, செவ்வாய்

கோதண்டபாணிக்கு ஒன்றும் இல்லை, எல்லாமே சுத்தம். ஸ்வீட் பெட்டியோடு வந்தார். வாத்துகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

முடிவுகள் வந்துவிட்டன. மாத்திரை இல்லாத பாதியில் கிருமி எழுந்து ரத்தத்துக்கு வந்தது. உடனே அவற்றுக்கும் மாத்திரையைத் தொடங்கிவிட்டோம், எல்லாம் தேறி வருகின்றன. மாத்திரை பெற்ற பாதியில் ஒன்றிலும் எழவில்லை. பெனாசிருக்கு இப்போது வெறும் கோட்டைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறதாம்.

என் ரத்தத்திலும் வெறும் கோடுதான்.

காலையில் கொட்டகைக்குப் போனேன். பதினேழு ஓடி வந்து செருப்பைக் கொத்தியது. குனிந்து அதைத் தூக்கினேன். ஆறு மாதமாகத் தூக்கியதில்லை, முடிந்ததில்லை. கனமாக இருக்கிறது, தின்று கொழுத்திருக்கிறது. அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டேன். விதி போட்டவளே மீறினாள் என்று ஆகிவிடும், அதனால் இங்கே எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்து, இவரால் திறக்க முடியாமல் வைத்திருந்த மாங்காய் ஊறுகாய் பாட்டிலை நான் திறந்தேன். அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மங்கை, எந்தக் கை அது?"

இதை எழுதுகிறதே, இந்தக் கைதான். வலது கை.